இங்கிலாந்துத் தனியார் பள்ளிகளின் ஆய்வறிக்கை: பெற்றோருக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது?

மகளுக்குப் பள்ளி தேடிய இரண்டு ஆண்டுகளில், பள்ளிகள் அச்சிட்டுத் தரும் பளபளப்பான கையேடுகளைவிட அவற்றைப் பற்றிய ஆய்வறிக்கைகளையே நான் அதிகம் படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் இயங்கும் ஒவ்வொரு தனியார் பள்ளியையும் அரசின் ஒப்புதல் பெற்ற ஆய்வாளர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் நேரில் வந்து பார்த்து எழுதும் அறிக்கை அது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தோடு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்துவிட்டதால், இவ்வளவு பணம் கொடுத்து எதை வாங்குகிறோம் என்ற கேள்வி முன்பைவிட உறைப்பாக எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பள்ளியைச் சாராத ஒருவர் தரும் பதில் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் இந்த அறிக்கையைத் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் திறந்தேன். முப்பதுக்கும் குறையாத அறிக்கைகளைப் படித்து முடித்த பிறகு, இந்தச் சேவை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அறிக்கை எழுதும் அமைப்புகளில் பெற்றோர் அதிகம் எதிர்கொள்வது இன்டிபென்டன்ட் ஸ்கூல்ஸ் இன்ஸ்பெக்டரேட், சுருக்கமாக ஐ.எஸ்.ஐ. இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்றெழுத்தைக் கேட்டதும் பிரஷர் குக்கரில் பொறித்திருக்கும் முத்திரைதான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், இந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்று விளக்குவதற்கு அந்த முத்திரையைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. குக்கர் வெடிக்காது என்பதற்கு முத்திரை பொறுப்பேற்கும். உள்ளே வேகும் சோறு பதமாக வருமா, குழைந்துபோகுமா என்பதற்குப் பொறுப்பேற்காது. பள்ளி ஆய்வறிக்கையும் அடிப்படையில் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதில் சமையல் குறிப்பைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நானும் முதல் சில மாதங்கள் அப்படி ஏமாந்தவன்தான்.

முதலில் யார் யாரை ஆய்வு செய்கிறார்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கட்டாயக் கல்வி வயதில் உள்ள ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முழுநேரக் கல்வி அளித்து, அரசு நிதியில் நடக்காத நிறுவனம் எதுவானாலும் சட்டப்படி அது தனியார் பள்ளி. கல்வித்துறையில் பதிவு செய்யாமல் அதை நடத்துவது குற்றம். இப்படிப் பதிவான பள்ளிகளில், தனியார் பள்ளிச் சங்கங்களின் கூட்டமைப்பான இன்டிபென்டன்ட் ஸ்கூல்ஸ் கவுன்சிலைச் சேர்ந்த சங்கங்களில் உறுப்பினராக இருப்பவற்றை ஐ.எஸ்.ஐ. ஆய்வு செய்கிறது. பழம்பெரும் விடுதிப் பள்ளிகளும் பெயர் பெற்ற நகரப் பள்ளிகளும் பெரும்பாலும் இந்தப் பிரிவில் வரும். சங்கங்களில் சேராத சிறு பள்ளிகள், பல சமயப் பள்ளிகள், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கான பல பள்ளிகள் ஆகியவற்றை, 1992-இல் தொடங்கப்பட்டு அரசுப் பள்ளிகளையும் ஆய்வு செய்துவரும் ஆஃப்ஸ்டெட் பார்க்கிறது. வேல்ஸில் இந்தப் பொறுப்பு எஸ்டின் என்ற தனி அமைப்பிடம் இருக்கிறது. எந்த அமைப்பு ஆய்வு செய்தாலும் பள்ளியின் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆய்வாளர்கள் பார்த்ததைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் தண்டிப்பதும் பதிவை நீக்குவதும் கல்வித்துறையின் வேலை. இந்தப் பிரிவினை தெரியாததால்தான், அத்தனை குறை கண்டும் ஆய்வாளர்கள் பள்ளியை ஏன் மூடவில்லை என்று சிலர் கேட்கிறார்கள்.

ஆய்வாளர்கள் கையில் இருக்கும் அளவுகோல் அவர்களாக உருவாக்கியது அன்று. தனியார் பள்ளிகளுக்கான தர விதிமுறைகள் என்று 2014-இல் வெளிவந்த சட்ட ஆவணம் ஒன்று இருக்கிறது. அதில் எட்டுப் பகுதிகள். கல்வியின் தரம், மாணவரின் ஒழுக்க, சமூக, பண்பாட்டு வளர்ச்சி, நலமும் பாதுகாப்பும், ஊழியர்களும் உரிமையாளர்களும் தகுதியானவர்களா என்பது, கட்டடம், பெற்றோருக்குத் தர வேண்டிய தகவல்கள், புகார்களைக் கையாளும் முறை, தலைமையும் நிர்வாகமும் ஆகியவை வரிசையாக வருகின்றன. இந்த ஆவணத்தை முழுவதும் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பள்ளி தேடும் எவரும் அந்த மாலையைச் செலவிடலாம் என்பது என் கருத்து, ஏனென்றால் அறிக்கையில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் இதில் ஏதோ ஒரு விதியின் நிழல்தான்.

படிக்கும்போது முதலில் வியப்பளிப்பது அந்த விதிகளின் நுணுக்கம். எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும், உள்ளிருந்து தாழிடக்கூடிய அறையாக இருந்தால் மட்டுமே விலக்கு. உடற்பயிற்சி வகுப்புக்குச் செல்லும் பதினொரு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உடை மாற்றும் இடமும் குளியல் வசதியும் வேண்டும். குடிக்கத் தகுந்த தண்ணீர்க் குழாய் எது என்று எழுதிக் காட்டியிருக்க வேண்டும். ஒலி அமைப்பு, வெளிப்புற விளக்கு, நோயுற்ற பிள்ளை படுத்திருக்க அறை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அதே ஆவணத்தின் இன்னொரு பகுதி, மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனிமனித உரிமை, பிற நம்பிக்கை உடையோரிடம் மதிப்பும் சகிப்பும் ஆகியவற்றைப் பள்ளி முனைந்து வளர்க்க வேண்டும் என்கிறது. குடிநீர்க் குழாயின் எழுத்தும் மக்களாட்சி உணர்வும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து நிற்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளையை நாள் முழுக்க ஓரிடத்தில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இரண்டும் ஒரே கவலையின் இரண்டு முனைகள்தான்.

அந்த ஆவணத்தில் இல்லாதவையும் இதே அளவுக்கு முக்கியமானவை. தனியார் பள்ளிகள் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. மொழி, கணிதம், அறிவியல், தொழில்நுட்பம், சமூகம், உடற்கல்வி, கலை ஆகிய துறைகளில் பிள்ளைகளுக்கு அனுபவம் தரும் எழுத்துவடிவப் பாடத்திட்டம் இருந்தால் போதும். ஆசிரியர்கள் அரசு வழங்கும் ஆசிரியர் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்றும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வகுப்புக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்ற வரம்பு கிடையாது. கட்டணம் நியாயமானதா, கொடுக்கும் பணத்துக்கு ஈடான கல்வி கிடைக்கிறதா என்ற கேள்விக்கு அந்த எட்டுப் பகுதிகளில் இடமே இல்லை. நாம் எதற்காக அறிக்கையைத் திறக்கிறோமோ அதை ஆய்வாளரிடம் யாரும் கேட்கவே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு அறிக்கைகள் பிடித்தன.

2023 செப்டம்பருக்கு முந்தைய ஐ.எஸ்.ஐ. அறிக்கைகளையும் பிந்தையவற்றையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர்களுக்கு இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள் எழுதியவை போல் தோன்றும். பழைய முறையில் மாணவர்களின் கல்விச் சாதனை, அவர்களின் ஆளுமை வளர்ச்சி என்ற இரண்டுக்கும் மிகச் சிறப்பு, நன்று, போதுமானது, திருப்தியற்றது என்ற நான்கில் ஒரு சொல் கிடைத்துவந்தது. நான் படித்த பழைய அறிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை மிகச் சிறப்பு என்றே சொல்லின. பள்ளிகள் அந்தச் சொல்லை வாயிற்கதவில் தொங்கவிட்டன. சில பள்ளிகள் இன்னும் கழற்றவில்லை. எல்லோருக்கும் முதல் பரிசு கொடுக்கும் ஓட்டப்பந்தயத்தில் யார் முந்தினார் என்று பார்வையாளருக்குத் தெரியப்போவதில்லை. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டகம் அந்தச் சொற்களை முற்றாகக் கைவிட்டு, விதிகள் நிறைவேறியுள்ளனவா இல்லையா என்ற ஒரே முடிவோடு நிறுத்திக்கொள்கிறது. அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை ஆஃப்ஸ்டெட்டும் 2024 செப்டம்பரில் ஒட்டுமொத்த ஒற்றைச்சொல் மதிப்பீட்டைக் கைவிட்டது.

புதிய சட்டகத்தின் அமைப்பை நான் மதிக்கிறேன். 2004-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் பிள்ளையின் நலன் என்றால் என்ன என்று ஐந்து கூறுகளாக வரையறுத்திருக்கிறது: உடல், மன, உணர்வு நலம்; தீங்கிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் பாதுகாப்பு; கல்வி, பயிற்சி, பொழுதுபோக்கு; சமூகத்துக்குப் பிள்ளை அளிக்கும் பங்கு; சமூக, பொருளாதார நலம். 2014 விதிமுறைகளின் எட்டாம் பகுதி, பள்ளியின் தலைமை இந்த நலனை முனைந்து வளர்க்க வேண்டும் என்கிறது. ஐ.எஸ்.ஐ. அறிக்கையின் இன்றைய பிரிவுகள் ஏறத்தாழ இந்த ஐந்து கூறுகளையே தலைப்புகளாகக் கொண்டு, அவற்றுக்கு முன்னால் தலைமை, நிர்வாகம் பற்றிய பிரிவை வைத்திருக்கின்றன. பாடம் நடத்துவது ஒரு கூறு மட்டுமே என்பதையும், மீதி எல்லாவற்றுக்கும் நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அறிக்கையின் வடிவமே உணர்த்துகிறது. தேர்வு முடிவுகளைக் கொண்டே பள்ளியை அளந்து பழகிய நம்மில் பலருக்கு இந்த வரிசை முதலில் உறுத்தும்.

ஆய்வு நடக்கும் விதம் இதுதான். வழக்கமான ஆய்வு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. பெரும்பாலும் ஒரு வேலைநாள் முன்பாகத்தான் பள்ளிக்குத் தொலைபேசி அழைப்பு வரும். அடுத்த மூன்று நாட்கள், பல நேரங்களில் செவ்வாய் முதல் வியாழன் வரை, குழு பள்ளியில் இருக்கும். வகுப்புகளில் உட்கார்கிறார்கள், நோட்டுப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள், பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் நிர்வாகக் குழுவினரோடும் பேசுகிறார்கள். விடுதி இருந்தால் அங்கும் சென்று, 2022-இல் புதுப்பிக்கப்பட்ட விடுதிகளுக்கான குறைந்தபட்சத் தரங்களோடு ஒப்பிடுகிறார்கள். மழலையர் பிரிவு இருந்தால் அதற்குரிய தனித் தேவைகளையும் சரிபார்க்கிறார்கள். ஊழியர் நியமனப் பதிவேட்டை வரிவரியாகப் பார்ப்பது இந்த மூன்று நாட்களின் மிக முக்கியமான வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு ஊழியரின் அடையாளம், குற்றப்பின்னணி, பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டோர் பட்டியலில் பெயர் உள்ளதா என்பது, வெளிநாட்டில் வாழ்ந்திருந்தால் அங்குள்ள நிலை ஆகியவை எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டன என்பது அதில் இருக்க வேண்டும். பதிவேட்டில் ஓர் இடம் காலியாக இருந்தாலும் தலைமையாசிரியருக்கு அன்று இரவு தூக்கம் வராது என்று, இத்தகைய பள்ளியொன்றில் வேலை பார்க்கும் என் தோழி சொல்வதுண்டு.

ஆய்வாளர்கள் யார் என்பதில்தான் எனக்கு இரண்டு மனம். குழுவுக்குத் தலைமை தாங்குகிறவர் தனிப் பயிற்சி பெற்றவர்; உடன் வருகிறவர்களில் பலர் வேறு தனியார் பள்ளிகளில் தலைமையாசிரியர்களாகவோ மூத்த நிர்வாகிகளாகவோ பணியில் இருப்பவர்கள். பள்ளிகள் செலுத்தும் கட்டணத்தில்தான் ஐ.எஸ்.ஐ. நடக்கிறது. தொழில் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் சில விஷயங்கள் படும் என்பது உண்மை. விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் யார் பொறுப்பில் இருக்கிறார் என்று கேட்கத் தோன்றுவது விடுதி நடத்தியவருக்குத்தான். அதே சமயம், இன்று மதிப்பிடுகிறவர் நாளை மதிப்பிடப்படுகிறவராக நிற்க வேண்டிய ஏற்பாட்டில் வார்த்தைகள் கொஞ்சம் மென்மையாகத்தான் வரும். தீர்ப்பு வளைந்துபோகிறது என்று நான் சொல்லவில்லை. விதி நிறைவேறவில்லை என்றால் நிறைவேறவில்லை என்றே எழுதுகிறார்கள், பேர் பெற்ற பள்ளிகளையும் விடுவதில்லை. தீர்ப்புக்கு வெளியே உள்ள விவரிப்பு உரைநடையில்தான் அந்த மென்மை படிகிறது.

அந்த உரைநடையைப் பற்றித்தான் என் முதன்மையான குறை. பத்து அறிக்கைகளின் பெயர்ப் பகுதியை மறைத்துவிட்டுக் கொடுத்தால் எது எந்தப் பள்ளி என்று அங்கே படிக்கும் பிள்ளைகளே கண்டுபிடிப்பது கடினம். தலைவர்கள் தெளிவான நோக்கோடு இருக்கிறார்கள், பிள்ளைகள் தன்னம்பிக்கையோடு பேசுகிறார்கள், ஆசிரியர்கள் பாடத்தை நன்கு அறிந்திருக்கிறார்கள் என்ற வகை வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கண்ணை மந்தமாக்கிவிடும். ஆனாலும் இந்தச் சமவெளியில் மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றைக் காணப் பழக வேண்டும். பெரும்பாலான பாடங்களில், சில வேளைகளில், எப்போதும் சீராக இல்லை போன்ற சிறு சொற்கள் வரும் இடத்தில் நின்று படிக்க வேண்டும். சிறு சொல் என்று தாண்டிப்போனால் அறிக்கையின் உயிரைத் தாண்டிப்போய்விடுவோம். ஆங்கிலத்தின் நாசூக்குக்குப் பழக்கப்படாத நம் பெற்றோர் சிலர் இந்த வரிகளைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

நான் இப்போது அறிக்கையைப் பின்னாலிருந்து படிக்கிறேன். கடைசியில், நிறைவேறாத விதிகள் ஏதாவது இருந்தால் அவற்றின் பட்டியல் இருக்கும். இல்லையென்றால் நிம்மதி; இருந்தால் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறக்கூடாது. விதிகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஓர் ஊழியரைப் பற்றிய சரிபார்ப்பு முடியுமுன் அவர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் தகுதி பற்றிய பகுதி அதனால் நிறைவேறாமல் போகும். அதைக் கவனிக்கத் தவறிய நிர்வாகம் எட்டாம் பகுதியிலும் தோற்கும். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய பகுதியும் சில நேரங்களில் கூடவே விழும். ஒரு பிழை பட்டியலில் நான்கு வரியாகத் தெரியும். மறுபுறம், தனியாக நிற்கும் ஒரே வரி மிகக் கடுமையான விஷயமாக இருக்கவும் கூடும். ஆகவே எத்தனை வரி என்பதைவிட வேர் எங்கே என்பதைத்தான் தேட வேண்டும்; அது அறிக்கையின் உள்ளே பாதுகாப்பைப் பற்றிய பிரிவில் பெரும்பாலும் நேர்மையாகவே எழுதப்பட்டிருக்கும்.

அடுத்ததாகப் பள்ளி செய்ய வேண்டியவை என்று ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் இரண்டு மூன்று வரிகளைப் பார்க்கிறேன். எல்லா விதிகளும் நிறைவேறிய பள்ளிக்கும் இந்தப் பரிந்துரைகள் உண்டு. பக்கம் பக்கமாக எழுதியதைவிட இந்த வரிகள் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும். வேகமாகக் கற்கும் பிள்ளைகளுக்குச் சவாலான வேலை கொடுங்கள் என்று ஒரு பள்ளிக்கும், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகளை ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துகிறார்களா என்று உறுதி செய்யுங்கள் என்று இன்னொரு பள்ளிக்கும் எழுதியிருந்தால், நம் பிள்ளை எந்த வகை என்பதைப் பொறுத்து நமக்கு விடை கிடைத்துவிடுகிறது. சில அறிக்கைகளில் குறிப்பிடத்தக்க பலம் என்று ஒன்றைத் தனியாக எடுத்துச் சொல்வதும் உண்டு. நான் படித்தவற்றில் அது அரிதாகவே வந்தது. அரிதாக வருவதாலேயே அதற்கு மதிப்பு.

ஓர் அறிக்கையை மட்டும் படித்து முடிவெடுப்பது வீட்டை ஒரே சன்னல் வழியாகப் பார்ப்பது போலாகும். விதி நிறைவேறவில்லை என்ற அறிக்கை வந்ததும் கல்வித்துறை பள்ளியிடம் செயல்திட்டம் கேட்கும். பிறகு முன்னேற்றத்தைப் பார்க்க ஆய்வாளர்கள் மீண்டும் செல்வார்கள். அந்த அறிக்கையும் வெளியாகும். தொடர்ந்து தவறினால் புதிய பிள்ளைகளைச் சேர்க்கத் தடை விதிக்கவும், பதிவையே நீக்கவும் கல்வித்துறைக்கு 2008-ஆம் ஆண்டின் கல்வி மற்றும் திறன்கள் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. பள்ளி தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். மாணவர் எண்ணிக்கையைக் கூட்டவோ, வயது வரம்பை மாற்றவோ, விடுதி தொடங்கவோ விரும்பும் பள்ளி அனுமதி கேட்கும்போதும் தனி ஆய்வு நடப்பதுண்டு. இவற்றையெல்லாம் தேதி வரிசையில் வைத்துப் படித்தால் பத்தாண்டுக் கதை கிடைக்கும். ஒருமுறை விழுந்து எட்டே மாதத்தில் எழுந்த பள்ளியும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணத்துக்காக அதே தலைமைப் பகுதியில் விழும் பள்ளியும் ஒன்றல்ல என்பதை ஒற்றை அறிக்கை காட்டாது.

இந்தச் சேவையால் முடியாதது எது என்பதையும் மறைக்கக்கூடாது. 2021 ஜூனில் ஆஃப்ஸ்டெட் வெளியிட்ட மீளாய்வு அறிக்கை ஒன்று, 32 பள்ளி, கல்லூரிகளில் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பேசி, பாலியல் சீண்டல்கள் அன்றாடமாகிவிட்டதால் அவற்றைச் சொல்வதில் பயனில்லை என்று பலர் நினைப்பதைக் கண்டறிந்தது. கூடப் படிக்கும் தோழியிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லாத ஒன்றை மூன்று நாள் விருந்தினராக வந்த ஆய்வாளரிடம் ஒரு பிள்ளை சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது பேராசை. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த சுயாதீன விசாரணை ஆணையம் 2022 மார்ச்சில் விடுதிப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும், சில பள்ளிகளில் இருந்த குறைகளை ஆய்வுகள் கண்டுபிடிக்கத் தவறியதைச் சுட்டிக்காட்டியது. பாதுகாப்புக்கான ஏற்பாடுகள் இருக்கின்றனவா, பொறுப்பாளருக்குப் பயிற்சி இருக்கிறதா, பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதை ஆய்வு நம்பகமாகச் சொல்லும். அந்த ஏற்பாட்டை ஒரு பிள்ளை நம்பி அணுகுகிறதா என்பதை ஓரளவுக்குத்தான் சொல்லும்.

தனிப்பட்ட புகார்களை விசாரிப்பதும் ஆய்வாளர்களின் வேலை அன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் நீண்ட மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்கும் பெற்றோர் உண்டு. அதற்கு விதிமுறைகளின் ஏழாம் பகுதிதான் வழி. முதலில் பேச்சுவார்த்தை, தீராவிட்டால் எழுத்து வடிவப் புகார், அதுவும் போதவில்லை என்றால் குறைந்தது மூன்று பேர் கொண்ட குழுவின் முன் விசாரணை. அந்த மூவரில் ஒருவர் பள்ளி நிர்வாகத்தோடு தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும். பெற்றோர் விரும்பினால் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். கடந்த கல்வியாண்டில் முறையான புகார்கள் எத்தனை வந்தன என்ற எண்ணிக்கையைப் பெற்றோர் அறியும்படி வைத்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நான் பார்க்கப்போன ஒரு பள்ளியில் இந்த எண்ணைக் கேட்டபோது அலுவலகத்தில் இருந்தவர் நான் ஏதோ அந்தரங்கத்தைக் கேட்டுவிட்டது போலப் பார்த்தார். பதில் வர ஒன்பது நாட்கள் ஆயின, வந்த எண் பூச்சியம். இன்னொரு பள்ளியில் அது இணையதளத்திலேயே இருந்தது, எண் மூன்று. எனக்கு மூன்று என்ற பதில்தான் அதிக நம்பிக்கை அளித்தது.

ஆஃப்ஸ்டெட் ஆய்வு செய்த தனியார் பள்ளிகளின் முந்தைய அறிக்கைகளில் மிகச் சிறந்தது, நன்று, மேம்பாடு தேவை, போதாதது என்ற நான்கு படிகள் இருக்கும். அவற்றை ஐ.எஸ்.ஐ. அறிக்கையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண்வேலை. விதிமுறை ஒன்றே என்றாலும் அளக்கும் விதமும் சொல்லும் விதமும் வேறு. எழுத்து நடையில் ஆஃப்ஸ்டெட் அறிக்கை சுருக்கமானது, பெற்றோரை நோக்கிப் பேசுவது. இந்த ஒன்றில் அதுவே மேல். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெளிநாடுகளில் உள்ள பிரிட்டிஷ் பள்ளிகளுக்காக இங்குள்ள கல்வித்துறை நடத்தும் அங்கீகாரத் திட்டம் இதே விதிமுறைகளைத் தழுவியது, ஆனால் அதில் சேர்வது பள்ளியின் விருப்பம். பெயரில் பிரிட்டிஷ் என்று இருப்பதாலேயே ஆய்வு நடந்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்கு: பிள்ளை பாதுகாப்பாக இருக்குமா, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய நாலரை. இரண்டு நல்ல பள்ளிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அறிய ஒன்றரை. படிக்கும் அனுபவத்துக்கு இரண்டு, அதுவும் கடைசிப் பக்கங்களுக்காக. இலவசம் என்பதற்காக நான் மதிப்பெண் கூட்டவில்லை. அந்தச் செலவு பள்ளிக் கட்டணத்தின் வழியாக நம்மிடமிருந்துதான் போகிறது.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்த பள்ளியில் சென்ற ஆய்வு நடந்து வரும் கல்வியாண்டில் மூன்று ஆண்டு நிறைவாகிறது. ஆய்வு அறிவிக்கப்பட்ட உடனேயே பெற்றோர் அனைவருக்கும் ஒரு கேள்வித்தாள் மின்னஞ்சலில் வரும். நிரப்பி அனுப்பக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. சென்ற முறை அது வந்ததே பலருக்குத் தெரியாது என்று மூத்த வகுப்புப் பெற்றோர் ஒருவர் சொன்னார். வேண்டாத மின்னஞ்சல்கள் சேரும் பெட்டியில் கிடந்திருக்கிறது. எங்கள் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இதை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். உணவு இடைவேளையில் மைதானத்தில் ஆசிரியர்கள் போதிய அளவுக்கு இருப்பதில்லை என்று ஓராண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதைச் சொல்ல வேண்டிய இடம் அந்தக் கேள்வித்தாள்தான்.